அய்யலூர்ப் பக்கம் தேவாங்கு பார்த்தேன். இந்த நன்றியை யாரிடம் சொல்வது?

சாலைவாசி:

வணக்கம். வழக்கமாக இங்கே பைக் பராமரிப்பு, மைலேஜ் என்றுதான் எழுதுவேன். இது வேறு விஷயம். பகுதி தப்பாக இருந்தால் நெறியாளர்கள் மாற்றிவிடுங்கள்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வந்துகொண்டிருந்தேன். ராத்திரி நேரத்தில் நான்குவழிச் சாலையில் லாரிகளோடு மல்லுக்கட்டப் பிடிக்காமல், அய்யலூர்ப் பக்கம் மலையடிவாரமாகப் போகும் ஊர்ச்சாலையில் இறங்கினேன். பின்சக்கரம் பஞ்சர். மணி ஒன்பது தாண்டிவிட்டது. சுற்றிலும் முருங்கைத் தோட்டம், கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டுவீடு, வாசலில் கயிற்றுக்கட்டிலில் ஒரு பெரியவர். விஷயத்தைச் சொன்னதும் பேரனுக்குப் போன் போட்டு, பஞ்சர் ஒட்டுகிறவரைக் கூட்டிவரச் சொன்னார். "உக்காருங்க தம்பி, வர நேரமாகும்" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வியாழக்கிழமை சந்தையில் ஆடு என்ன விலை போகிறது, மகன் திருப்பூரில் என்ன வேலை பார்க்கிறான் என்று பேச்சு ஓடியது.

நடுவில் வேலிப் பக்கமிருந்து மெல்லிய விசில் சத்தம் கேட்டது. ஏதோ பறவை என்று நினைத்தேன். பெரியவர் "வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டார்ச் எடுத்து வந்தார். அதன் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. கணக்கெடுக்க வந்த காலேஜ் பிள்ளைகள் ஒட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

கிளுவை வேலிக்குள் இரண்டு கண்கள் மின்னின. அப்புறம் முகம், அப்புறம் குச்சி குச்சியாகக் கை கால். தேவாங்கு! ஒரு சாண் உடம்பு. வால் கிடையாது. சர்க்கரை டப்பாவைத் திருடப் போகும் பிள்ளை மாதிரி ஒரு காலை எடுத்து, யோசித்து, அடுத்த கிளையில் வைத்தது. ஒரு இலை அசையவில்லை. திடீரென்று இரண்டு கையையும் நீட்டி ஏதோ பூச்சியைப் பிடித்தது. அதுவரை இருந்த மெதுவுக்கும் அந்த வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றது. பெரியவர் டார்ச்சை அணைத்துவிட்டார். "போதும் தம்பி, அவரு சாப்பிடட்டும்."

எனக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனாலும் யாருக்காவது நன்றி சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. அன்றிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. தேவாங்குக்கா? பஞ்சரான டயருக்கா? பெரியவருக்குக் காசு கொடுக்கப் போனால் கையை உதறினார். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

புதுக்கேமரா:

அருமை சகோ! பொறாமையாக இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்ல முடியுமா? வரைபடக் குறி அனுப்பினால் போதும். சனிக்கிழமை நண்பர்கள் நாலு பேர் கிளம்பத் தயார். 600 எம்எம் லென்ஸ் வாங்கிச் சும்மா கிடக்கிறது.

மலையோரம்:

சாலைவாசி, தயவுசெய்து ஊர்ப் பெயரைச் சொல்லாதீர்கள். இதற்கு மேல் அடையாளமும் வேண்டாம். பெரியவரின் வீடு தெரிந்தால் போதும், அடுத்த மாதம் அங்கே கார் நிறுத்த இடம் இருக்காது.

புதுக்கேமரா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. நட்சத்திர வெளிச்சத்தில் பூச்சி பிடிக்கிற கண் அது. அதன்மேல் நாலு பேர் மாற்றி மாற்றி ஃபிளாஷ் அடித்தால் என்ன ஆகும்? ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் சிவப்பு வெளிச்சம் பிடிப்பது அதனால்தான். அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போகக் கூடாது.

இன்னொன்று, படம் எடுக்கப் போகிறவர் மட்டும் இதைப் படிப்பதில்லை. கண்ணுக்காகவும் மாந்திரீகத்துக்காகவும் இதைப் பிடித்து விற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. பிடித்தால் 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டு வரை சிறை. சட்டம் இருக்கிறது என்பதற்காக விலாசத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?

பூக்கடைசெல்வி:

சின்ன வயதில் நான் சரியாகச் சாப்பிடாமல் ஒல்லியாக இருந்ததற்கு எங்க அம்மா "தேவாங்கு, தேவாங்கு" என்றுதான் திட்டும். இப்போது எடை பார்க்கிற மெஷினில் ஏறினால் அந்தத் திட்டுக்கு ஏங்குகிறேன் :)

விளையாட்டு போகட்டும். எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு ஆள் சின்னக் கூண்டில் இதை வைத்திருந்தான். பட்டப்பகல், வெயில். அது முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு "வெட்கப்படுது" என்றான், நாங்களும் சிரித்தோம். வெளிச்சம் தாங்காமல் மூடியிருக்கிறது என்று மலையோரம் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைக்கிறது. சாலைவாசி பார்த்தது வேலியில், தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்த ஒன்றை. நான் பார்த்ததும் அதே விலங்குதான். எனக்கு நன்றி வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

கடவூர்பேரன்:

இந்த இழையை நண்பர் ஒருவர் அனுப்பினார். எனக்கு அம்மா ஊர் கடவூர்ப் பக்கம். கொஞ்சம் ஊர்க்கதை சொல்கிறேன்.

2022 அக்டோபரில் அரசு இந்த இடத்தைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டத்தில் கடவூர் தாலுகா, திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்களில் இருக்கும் காடுகள். இந்தியாவில் தேவாங்குக்கென்று வந்த முதல் சரணாலயம். பெருமைதான். ஆனால் செய்தி வந்த அன்று ஊரில் யாரும் வெடி போடவில்லை. "ஆடு மேய்க்க விடுவானா, விறகு எடுக்க விடுவானா" என்பதுதான் முதல் கேள்வி. ஏற்கெனவே காப்புக்காடாக இருந்த இடம்தான் சரணாலயம் ஆகிறது, பட்டா நிலத்துக்கு ஒன்றும் ஆகாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. இன்னும் முழுதாக அடங்கவில்லை.

சாலைவாசி, நன்றி யாருக்கு என்று கேட்டீர்கள். என் பதில் ரொம்பச் சாதாரணம். அந்தக் கிளுவை வேலியை வைத்தவருக்கு. எங்கள் பக்கம் மழை குறைவு. கல் வேலி கட்ட வசதி இல்லாதவர்கள் கிளுவைக் கம்பை வெட்டி ஊன்றுவார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், தானே பிடித்துக்கொள்ளும். நாலைந்து வருஷத்தில் பின்னிக்கொண்டு ஆடு நுழையாத வேலி ஆகிவிடும். அதில் பிரண்டை ஏறும், கோவை ஏறும், இடையில் கள்ளி வளரும். பகலில் தேவாங்கு தூங்குவதற்கு அந்த முள்ளும் புதரும்தான் வேண்டும். ராத்திரி அதே வேலியில் நடந்து காட்டுக்கும் தோட்டத்துக்கும் போய் வரும். யாரும் தேவாங்குக்காக வேலி போடவில்லை. சும்மா விட்டார்கள், அவ்வளவுதான்.

பழைய ஆட்கள் அதைத் தொட மாட்டார்கள். காலையில் பார்த்தால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். அதனால் அடித்தவர்களும் உண்டு, ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. எங்கள் பாட்டி ஒதுங்கிப் போகிற கட்சி. மூடநம்பிக்கைதான், ஆனாலும் அதில் கொஞ்சம் உயிர் பிழைத்திருக்கிறது.

இராக்கண்:

விலங்கைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், பெரிதாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலைவாசி பார்த்தது சாம்பல் நிறத் தேவாங்கு. குரங்கு, மனிதன் எல்லாம் இருக்கிற அதே பிரைமேட் வரிசைதான், ஆனால் குரங்கு இல்லை. நம் சொந்தத்தில் ரொம்ப முன்னாலேயே பிரிந்துபோன கிளை. எடை கால் கிலோ சுமார். முக்கிய உணவு பூச்சி. எறும்பு, கரையான், வண்டு என்று மற்றவை தொடத் தயங்குவதையும் தின்னும். கையில் சிறுநீரைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. கடிக்கிற பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள என்று ஒரு கருத்து இருக்கிறது. கேட்க அருவருப்பு, அதற்கு அது மருந்து.

அதன் கை கால்களில் ரத்தக்குழாய்கள் ஒரு வலைப்பின்னலாக இருக்கும். அதனால் மணிக்கணக்கில் ஒரு கிளையை இறுகப் பிடித்தபடி இருந்தாலும் தசை சோர்ந்துவிடாது. நடை மெதுவாக இருப்பது சோம்பலால் அல்ல. அசைவு தெரியாமல் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு, அதன் வேட்டை உத்தியும் அதுவே.

இதில் முக்கியமான விஷயம், தேவாங்குக்குத் தாவத் தெரியாது. அணில் போல ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் குதிக்காது. ஒரு கையோ காலோ எப்போதும் கிளையைப் பிடித்திருக்க வேண்டும். கிளைகள் தொட்டுக்கொள்ளாத இடத்தில் அது தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தரையில் நாய், சாலையில் வண்டி. மின்கம்பியைக் கொடி என்று நினைத்துப் பிடித்தால் அதோடு சரி. கடவூர்பேரன் சொன்ன வேலி அதனால்தான் இவ்வளவு பெரிய விஷயம். ஒரு கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டால், பார்ப்பவருக்கு வேலி மாறியிருக்கிறது, தேவாங்குக்குப் பாதை போய்விட்டது.

அய்யலூர்ப் பகுதி இந்த விலங்கைப் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர். 1990களின் கடைசியில் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் அங்கே தங்கி இரவெல்லாம் இவற்றின் பின்னால் அலைந்திருக்கிறார். அதற்கு முன் தேவாங்கு தனியாகவே திரியும் விலங்கு என்றுதான் பலரும் நினைத்தார்கள். பகலில் கூட்டமாக ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்குவதும், ராத்திரியிலும் விசிலடித்துத் தொடர்பு வைத்துக்கொள்வதும் அப்படிப் பொறுமையாகப் பார்த்ததில்தான் தெளிவானது. சாலைவாசி கேட்ட விசில் உங்களுக்கானது இல்லை என்று சொல்ல வந்தேன் :)

புதுக்கேமரா:

சரி சரி, இடம் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். தேவாங்கு கடித்தால் விஷம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பெரியவர் வீட்டு வாசலில் திரிவது ஆபத்து இல்லையா?

இராக்கண்:

அது இதன் உறவுக்காரர், ஸ்லோ லோரிஸ். நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களில் இருக்கிறது. முழங்கைப் பக்கத்தில் ஒரு சுரப்பி உண்டு, அதை நக்கி எச்சிலோடு கலந்து கடிக்கும். குண்டாக, உருண்டையாக இருக்கும். அந்த வீடியோக்களில் அதைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் கையைத் தூக்குமே, சந்தோஷத்தில் இல்லை, பயத்தில். நம்ம ஊர் ஆள் ஒல்லி. அவர் கடிப்பதைப் பற்றிக் கவலைப்படுவதை விட, அவரை யாரும் பிடிக்காமல் இருப்பதே நல்லது.

வன்னிக்காற்று:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கட வவுனியாப் பக்கமும் தேவாங்கு இருக்கு. நீங்கள் சொல்லுற சாம்பல் நிறத் தேவாங்குதான். தென்மேற்கில மழைக்காட்டுப் பக்கம் இருக்கிறது வேற இனம், செந்நிறம். அதில ஹோட்டன் சமவெளியில இருக்கிற வகை அழிஞ்சுபோச்சுதெண்டு பல காலம் நினைச்சு, கடைசியில 2010ல படத்தோட செய்தி வந்தது. அந்தக் குளிருக்குள்ள அது எப்படி இருக்குது எண்டு இன்னும் எனக்கு ஆச்சரியம்.

என்ர கதை சின்னது. சண்டை முடிஞ்சு காணிக்குத் திரும்பின நேரம் வளவு முழுக்கப் பற்றை. வீடு இருந்த இடமே தெரியேல்லை. எங்க துவங்கிறது எண்டு தெரியாமல் தறப்பாள் கட்டி இருந்தம். இரவு அந்தப் பற்றைக்குள்ள இருந்து இதே விசில். அம்மா உடனே "தேவாங்கு" எண்டா. சின்னனில அவ கேட்ட சத்தமாம். அம்மா அண்டைக்குத்தான் முதல் தரம் வீடு எப்படிக் கட்டலாம் எண்டு கதைச்சவ.

பிறகு பற்றையை வெட்டத்தான் வேணும், வெட்டினம். வேலிக்கரையில கொஞ்சத்தை விட்டம். நன்றி எண்டு நினைச்சுச் செய்யேல்லை. அம்மா விடச் சொன்னா, விட்டம்.

ஒற்றைவரி:

எல்லாரும் உருகுகிறீர்கள், நடுவில் வந்து கெடுப்பதற்கு மன்னிக்கவும். தேவாங்கு உங்களுக்காக ஒன்றும் செய்யவில்லை. அது பூச்சி தின்ன வந்தது. நன்றி என்பது கொடுத்தவருக்குச் சொல்வது. இங்கே கொடுத்தவர் யார்? சும்மா ஒரு நல்ல உணர்வு வந்தது, அதற்குப் பெரிய பெயர் வைத்துக்கொள்கிறோம். மறுநாள் அதே நான்குவழிச் சாலையில்தான் போவோம். அந்தச் சாலை எத்தனை தேவாங்கின் பாதையை வெட்டியது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மலையோரம்:

ஒற்றைவரி, பெயருக்கு மாறாகப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். சாலையைப் பற்றிச் சொன்னது சரி. மற்றதில் உடன்பாடு இல்லை. கொடுக்க வேண்டும் என்று நினைத்துக் கொடுத்தவருக்கு மட்டும்தான் நன்றி என்றால், மழைக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் எல்லாம் முட்டாள்களா? மாட்டுக்குப் பொட்டு வைத்து மாலை போடுகிறோமே, அது நமக்காக உழுகிறேன் என்று கையெழுத்தா போட்டது?

ஒற்றைவரி:

மாட்டுக்கு மாலை போட்டுவிட்டு மறுமாதம் டிராக்டர் வாங்கி மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறோம். அதைத்தான் சொல்கிறேன். மாலை சுலபம்.

சாலைவாசி:

நாலு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன்.

ஒற்றைவரி, உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. கொடுத்தவர் யார் என்று கேட்டீர்கள். முதலில் எழுதும்போது "இயற்கைக்கு நன்றி" என்று ஒரு வரி போட்டு, அசட்டுத்தனமாக இருக்கிறதே என்று அழித்தேன். இயற்கை என்று ஒருவர் எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஒரு வேலி இருந்தது. அதை வைத்த ஆள் இருந்தார். வெளிச்சத்துக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொடுத்த பிள்ளைகள் இருந்தார்கள். கணக்கெடுத்து, எழுதி, சரணாலயம் வரை கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். "போதும்" என்று டார்ச்சை அணைத்த கை இருந்தது. நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன், அவர் அணைத்தார். கொடுத்தவர் யார் என்றால் இவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். தேவாங்கு பார்க்க இல்லை, பகலில் போனேன். பெரியவருக்குக் கொஞ்சம் பழம் வாங்கிப் போனேன், அதை மறுக்கவில்லை. பேச்சில் ஒரு விஷயம் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் கம்பி வேலிக்கு மாறுகிறாராம். எல்லைக் கிளுவையைப் பொக்லைன் வைத்து எடுக்கப் போகிறார்கள். பெரியவருக்கு அதைத் தடுக்க வழியில்லை, அவர் நிலம் அவர் இஷ்டம். "நீங்க படிச்ச புள்ள, பேசிப் பாருங்களேன்" என்றார். நன்றியைக் காசாக வாங்க மறுத்தவர் வேலையாகக் கொடுத்துவிட்டார்!

போய்ப் பேசினேன். அவரும் மோசமானவர் இல்லை. காட்டுப்பன்றி உள்ளே வருகிறது, மயில் தக்காளியைக் கொத்துகிறது, கிளுவை வேலிக்கு வருஷா வருஷம் ஆள் விட்டுக் கவாத்து பண்ணக் கூலி கட்டுபடியாகவில்லை என்று வரிசையாகச் சொன்னார். எதற்கும் என்னிடம் பதில் இல்லை. கடைசியில், கம்பி போடுங்கள், கிளுவையை எடுக்காமல் அதற்கு உள்பக்கமாகப் போடுங்கள் என்று கேட்டேன். மூன்றடி நிலம் போகும். யோசிக்கிறேன் என்றார். கடவூர்பேரன், இந்த மாதிரி யாராவது செய்திருக்கிறார்களா? வனத்துறையில் இதற்கு ஏதாவது உதவி கிடைக்குமா?

கடவூர்பேரன்:

செய்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாமா கிளுவையையே தூணாக வைத்து அதில் கம்பியை இழுத்துக் கட்டினார். கல்தூண் செலவு மிச்சம். மூன்றடியும் போகாது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே புதையும், அதனால் ஆணி அடிக்காமல் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். பன்றிக்கு அடியில் இரண்டு வரி நெருக்கமாக வந்தால் போதும். மின்வேலி மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள், தேவாங்கு கிளையிலிருந்து நேராகக் கம்பிக்குக் கை வைக்கும்.

உதவித்தொகை பற்றி வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்பதுதான் சரி. நான் வரும் வாரம் ஊருக்குப் போகிறேன். தனிச்செய்தியில் உங்கள் எண் அனுப்புங்கள், சேர்ந்தே போய் அவரைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர் மட்டும் போய்ச் சொன்னால் "நீ யாருப்பா" என்று ஆகிவிடும்.

ஒற்றைவரி:

கம்பி விலையில் எனக்குத் தெரிந்த கடை ஒன்று திண்டுக்கல்லில் இருக்கிறது. மொத்த விலைக்குப் பேசித் தருகிறேன். இது நன்றி இல்லை, வியாபாரத் தொடர்பு.

பூக்கடைசெல்வி:

நம்பிட்டோம் :)

இராக்கண் அண்ணா, ஒரு கேள்வி. நத்தம் பக்கம் இருக்கும் என் தங்கை இந்த இழையைப் படித்துவிட்டுக் கேட்கிறாள். போன வருஷம் அவள் வீட்டு வேப்பமரத்தில் குட்டித் தேவாங்கு ஒன்று தனியாகக் கிளையைப் பிடித்துக்கொண்டு இருந்ததாம். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று பக்கத்து வீட்டுப் பையன் எடுக்கப் போக, இவள் பயந்து தடுத்துவிட்டாள். எடுத்திருக்க வேண்டுமா?

இராக்கண்:

தடுத்தது ரொம்பச் சரி. தாய் இரை தேடப் போகும்போது குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டுப் போகும். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டி. விடிவதற்குள் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும். நாம் "காப்பாற்றுகிறோம்" என்று எடுத்தால்தான் அது அநாதை ஆகிறது. குட்டி தரையில் விழுந்து கிடந்தாலோ, நாய் துரத்தினாலோ, காயம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, கூண்டில் வைப்பது எதுவும் வேண்டாம். மரத்தில் இருந்தால் வீட்டு வெளிவிளக்கை அணைத்துவிட்டு, நாயைக் கட்டிப் போட்டால் போதும். தங்கையிடம் அந்த வேப்பமரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொட்டால் அந்தக் கிளையை மட்டும் வெட்ட வேண்டாம்.